உதவித்தொகையை நம்பியிருக்கும் கிராமத்துப் பெண்களை வேலையில் சேர்த்துவிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

திருப்பூரில் கம்பெனிக்குக் கம்பெனி ‘ஆட்கள் தேவை’ போர்டு தொங்குகிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்கிறார்கள். அங்கிருந்து ஒன்றிரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் குண்டடம், மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கத்து மேட்டாங்காட்டு ஊர்களில் மழை பொய்த்த வருடம் கூலி வேலையே கிடையாது. நூறு நாள் வேலையும் மாதா மாதம் வரும் உதவித்தொகையும்தான் வருமானம். பர்கூர் மலையிலும் தாளவாடியிலும் நிலைமை இன்னும் கடினம்.

இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று உதவ நினைக்கும் மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவிகள், ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் இருப்பவர்கள், ஆசிரியர்கள், ஊர் இளைஞர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் கடைசிப் படியிலிருந்து தொடங்குகிறார்கள். முதலில் வேலையைப் பிடிக்கிறார்கள், மறுநாளே ஆளை வேனில் ஏற்றுகிறார்கள், அடுத்த வாரம் ஆள் நின்றுவிடுகிறார். இரண்டு மூன்று பேர் அப்படி நின்றால் அந்தக் கம்பெனி அந்த ஊர் ஆட்களையே எடுப்பதில்லை. அந்த நட்டம் அடுத்து வேலைக்குப் போக வேண்டிய பெண்ணின் தலையில் விழுகிறது. அதனால் இங்கே சொல்லும் வரிசையை மாற்றாதீர்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு வாங்கி, ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கிராம நிர்வாக அலுவலர், அங்கன்வாடிப் பணியாளர், தாலுகா ஆபீஸில் சமூகப் பாதுகாப்புத் திட்ட தனி வட்டாட்சியர் அலுவலகம், உங்கள் ஊர் வழியாகப் போகும் கம்பெனி வேன்களின் டிரைவர்கள் ஆகியோரின் எண்களை முன்பக்கத்தில் எழுதிவையுங்கள். வேன் டிரைவரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எந்தக் கம்பெனியில் சம்பளம் தள்ளிப்போகிறது, எந்தச் சூப்பர்வைசர் மரியாதையாகப் பேசுவார் என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும்.

அடுத்து, குழுவில் ஒரு சிறு தொகையைத் தனியாக ஒதுக்கச் சொல்லித் தீர்மானம் போடுங்கள். அது எதற்கு என்பது 7ஆம் படியில் வரும். இந்த ஏற்பாடு இல்லாமல் யாரையும் வேலைக்குக் கூப்பிட வேண்டாம்.

2. முதலில் உதவித்தொகைக் கணக்கைப் போடுங்கள்

“பென்சன் நின்னு போச்சுன்னா அப்புறம் என்னங்க பண்றது?” எல்லா வீட்டிலும் முதலில் வரும் கேள்வி இதுதான். சிலர் வாய்விட்டுக் கேட்பார்கள், பலர் கேட்காமலேயே “பாக்கறேனுங்க” என்று சொல்லிவிடுவார்கள். அதைச் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொள்வது பெரிய தவறு. மாதம் தவறாமல் வரும் 1,200 ரூபாயை, வருமா வராதா என்று தெரியாத சம்பளத்துக்காக விட யாருக்குத்தான் துணிவு வரும்?

எனவே எந்த உதவி தொடரும், எது நிற்கும் என்பதைத் தாளில் எழுதிக் காட்டுங்கள்.

நூறு நாள் வேலை அட்டை குடும்பத்துக்கு உரியது. ஒருவர் கம்பெனிக்குப் போவதால் அட்டை ரத்தாகாது. வீட்டில் இருக்கும் மாமியாரோ கணவரோ அந்த வேலைக்குப் போகலாம். 2025-26இல் தமிழ்நாட்டுக்கு நாளொன்றுக்கு 336 ரூபாய் அறிவித்திருந்தார்கள். செய்த வேலையின் அளவைப் பொறுத்து கையில் வருவது குறையும். கம்பெனிச் சம்பளத்தோடு ஒப்பிடும்போது, போன வருடம் எத்தனை நாள் வேலை கிடைத்தது, எவ்வளவு பணம் வந்தது என்று பாஸ்புக்கைப் பார்த்தே கணக்கிடுங்கள். வாய்க்கணக்கில் எல்லோரும் கூட்டித்தான் சொல்வார்கள்.

2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய். வேலைக்குப் போவதாலேயே அது நிற்பதில்லை. பார்ப்பது குடும்ப ஆண்டு வருமானத்தை; வரம்பு 2,50,000 ரூபாய். கணவனும் மனைவியும் ஆளுக்கு மாதம் 10,000 வாங்கினால் 2,40,000, அதாவது வரம்புக்குள். கணவர் 12,000 வாங்கினால் 2,64,000 ஆகி வரம்பைத் தாண்டுகிறது. இதை மறைத்துக் கொண்டுபோக வேண்டாம். ஆண்டுக்கு 12,000 ரூபாய் போனாலும் அந்தப் பெண்ணின் சம்பளம் 1,20,000 என்று பக்கத்திலேயே எழுதிக் காட்டுங்கள்.

கவனமாகப் பேச வேண்டியது ஆதரவற்ற விதவை உதவித்தொகையைப் பற்றி. அது 2023 முதல் மாதம் 1,200 ரூபாய். ஆதரவில்லாதவருக்கென்று கொடுக்கப்படுவதால், நிலையான சம்பளம் வந்த பிறகும் தொடரும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். தனி வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அவரோடு நேரில் போய்க் கேளுங்கள். பழைய ஆணையின் நகலைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். வேலை நின்று மறுபடி விண்ணப்பிக்க நேர்ந்தால் அலைச்சல் குறையும். மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கும் இதே வழிதான், ஆனால் கேட்க வேண்டிய இடம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகமாகவும் இருக்கலாம். ஆணையின் தலைப்பைப் பார்த்தால் தெரியும்.

படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வாங்கும் உதவித்தொகை, பத்தாம் வகுப்பு தேறியவருக்கு மாதம் 300, பட்டதாரிக்கு 600 ரூபாய். வேலையில் சேர்ந்தால் அது நிற்கும். ஆனால் பதிவை விட்டுவிட வேண்டியதில்லை. 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து வந்தால் பதிவு மூப்பு அப்படியே இருக்கும்.

3. வீட்டின் ஒரு நாளை எழுதுங்கள்

காலை நாலரை மணியிலிருந்து ராத்திரி பத்து வரை அந்த வீட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். தண்ணீர் எப்போது வருகிறது, ஆட்டை யார் ஓட்டிப்போகிறார், பால் யார் கறந்து சொசைட்டியில் ஊற்றுகிறார், படுத்த படுக்கையாக யாராவது இருக்கிறார்களா, எல்லாம் வேண்டும். வேலையைப் பாதியில் விடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தத் தாளில்தான் இருக்கிறது.

குழந்தை விஷயத்தைத் தனியாகப் பாருங்கள். அரசுத் தொடக்கப் பள்ளியில் 1 முதல் 5 வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் காலை உணவு கிடைக்கிறது. காலைச் சமையல் பரபரப்பு பாதி தீர்ந்தது. பிரச்சினை மாலையில்தான். பள்ளி நாலு மணி வாக்கில் விடுகிறது, அங்கன்வாடி அதற்கும் முன்பே. அம்மா வந்து இறங்க ஏழரை ஆகும். இந்த மூன்றரை மணி நேரத்துக்குப் பொறுப்பு யார் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். “பக்கத்து வீட்டுல பாத்துக்குவாங்க” என்றால், அந்தப் பக்கத்து வீட்டு அக்காவிடமே போய்ப் பேசி, மாதம் ஒரு தொகையும் முடிவு செய்துகொள்ளுங்கள். சும்மா பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு ஒரு மாதத்துக்கு மேல் தாங்காது.

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்பது சட்டம். அது நிஜமாகவே நடக்கிறதா, கைக்குழந்தையை வேனில் ஏற்றுவார்களா என்பதைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

வீட்டுக்காரரிடமும் மாமியாரிடமும் இதே கட்டத்தில் பேசிவிடுங்கள். அவர்கள் முன்னிலையில் அந்தத் தாளை வாசித்துக் காட்டி, அம்மா இல்லாத நேரத்து வேலைகளுக்கு நேராக அவரவர் பெயரை எழுதுங்கள்.

4. தாள்களைச் சரி செய்யுங்கள்

ஆதார், வங்கிக் கணக்கு, ரேஷன் கார்டு, போன் எண் ஆகிய நான்கிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். பி.எப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) இரண்டுக்கும் ஆதார்தான் அடிப்படை. ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயருக்குப் பதில் கணவர் பெயர் என்று இருந்தால் பி.எப். பதிவு சிக்கும், பிறகு பணம் எடுக்கும்போதும் சிக்கும்.

ஆதாரில் பெயரை இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரே ஒரு முறையும்தான் சாதாரணமாகத் திருத்த முடியும். அவசரத்தில் தப்பாகத் திருத்திவிட்டால் மறுபடி சரி செய்வது பெரும் பாடு. பள்ளி மாற்றுச் சான்றிதழையோ பிறப்புச் சான்றிதழையோ கையில் வைத்துக்கொண்டு, ஒரு எழுத்து விடாமல் பார்த்த பிறகே விரலை வைக்கச் சொல்லுங்கள்.

ஆதாரோடு இணைத்த எண் இப்போதும் அவர் கையில் இருக்கிறதா? பல வீடுகளில் அது என்றோ தொலைந்துபோன சிம் அல்லது வெளியூரில் இருக்கும் மகனின் எண். ஓ.டி.பி. வராமல் எல்லாம் நின்றுபோகும். இதை ஆதார் மையத்தில் முதலிலேயே மாற்றிவிடுங்கள்.

18 வயது நிரம்பாத பிள்ளையை எந்தக் காரணத்துக்காகவும் கம்பெனிக்குக் கூட்டிப்போகாதீர்கள். வீட்டில் கெஞ்சினாலும் சரி. மறுபடி பள்ளியிலோ ஐ.டி.ஐ.யிலோ சேர்க்க வழி பாருங்கள்.

5. ஆளைப் பார்த்து வேலையைத் தேடுங்கள்

இதுவரை எழுதிய பக்கத்தை வைத்துக்கொண்டுதான் இப்போது வேலை தேட வேண்டும். மாலை ஆறுக்குள் வீட்டில் இருக்க வேண்டியவருக்குப் பனியன் கம்பெனி ஒத்துவராது. அவருக்கு ஊருக்குள்ளேயோ பத்து கிலோமீட்டருக்குள்ளேயோ தேடுங்கள்: காங்கேயம் பக்கம் கொப்பரைக் களம், எண்ணெய் ஆலை, வெள்ளகோவில், பல்லடத்தில் விசைத்தறி, பொள்ளாச்சியில் தென்னை நார், நாமக்கல்லில் கோழிப்பண்ணை, கரூரில் வீட்டு உபயோகத் துணியும் கொசுவலையும். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், அந்தப் பேருந்து போகும் தடத்தில் உள்ள இடங்களை முதலில் பாருங்கள். தூரம் குறைந்த வேலை, சம்பளம் சற்றுக் குறைவானாலும் நிலைக்கும்.

தூரம் போக முடிந்தவருக்குத் திருப்பூரில் செக்கிங், கைமடி, பேக்கிங், ஹெல்பர் என்று தையல் தெரியாமலே நுழைய வழி இருக்கிறது. ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின் ஓட்டத் தெரிந்தவருக்குச் சம்பளம் கூடுதல். பல மாவட்டங்களில் வேலைவாய்ப்பு அலுவலகம் வெள்ளிக்கிழமைகளில் தனியார் வேலைவாய்ப்பு முகாம் நடத்துகிறது. அங்கே வரும் கம்பெனிகளிடம் நேரில் கேட்கலாம்.

கேட்க வேண்டியவை இவை. ஒரு ஷிப்டா, ஒன்றரை ஷிப்டா? ஒன்றரை என்றால் இரவு எட்டரைக்கு முடிந்து வீடு வந்து சேரப் பத்து ஆகிவிடும். முதல் மாதம் ஒரு ஷிப்ட் மட்டும் என்று பேசிவிடுங்கள். சம்பளம் சனிக்கிழமையா, மாதச் சம்பளமா? பீஸ் ரேட்டா (முடித்த எண்ணிக்கைக்குக் கூலி), ஷிப்ட் கூலியா? வேனுக்குப் பிடித்தம் உண்டா? பி.எப்., இ.எஸ்.ஐ. எந்த நாளிலிருந்து? கம்பெனி ரோலில் ஆளா, காண்ட்ராக்டர் ஆளா? பெண்கள் புகார் சொல்லும் உள்ளகக் குழுவில் யார் இருக்கிறார்கள்? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் அந்தக் குழு இருந்தாக வேண்டும். கேட்டதும் முகம் சுளிக்கும் இடத்துக்கு ஆளை அனுப்பாதீர்கள்.

இரண்டு வகை வேலைகளுக்குக் கட்டாயம் ‘வேண்டாம்’ சொல்லுங்கள். மூன்று வருடம் மில் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாகத் தருகிறோம் என்பது ஒன்று. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நம் பக்கத்து நூற்பாலைகளில் எத்தனை பெண் பிள்ளைகள் உடம்பு கெட்டு, பாதியில் திரும்பி, பேசிய தொகையும் கிடைக்காமல் போனார்கள் என்பது ஊரறிந்த விஷயம். கூலி மாதா மாதம் அந்தப் பெண்ணின் சொந்தக் கணக்கில் வர வேண்டும். இன்னொன்று, பெரிய முன்பணம் கொடுத்துக் கூப்பிடும் தறிப்பட்டறை, செங்கல் சூளை வேலை. முன்பணம் தீரும்வரை வெளியே போக விடாதது கொத்தடிமை முறை. 1976ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது.

6. பயிற்சியை வேலைக்குப் பின்னால் வையுங்கள்

சரி, பயிற்சி வேண்டாமா? வேண்டும், ஆனால் எந்தக் கம்பெனி எந்த மெஷினுக்கு ஆள் கேட்கிறது என்று தெரிந்த பிறகு. சான்றிதழ் வாங்கி வீட்டில் மாட்டிவைத்த பெண்கள் நம் ஊர்களில் ஏராளம். ஒவ்வொரு பயிற்சி முடியும்போதும் வேலை வராமல் போனால் நம்பிக்கை ஒரு படி இறங்குகிறது.

கிராமத்து இளம் வயதினருக்கு, பயிற்சியோடு வேலையும் சேர்த்துத் தரும் தீன்தயாள் உபாத்யாய கிராமப்புறத் திறன் திட்டம் உண்டு. வயது வரம்பை மகளிர் திட்ட அலுவலகத்தில் கேளுங்கள். கம்பெனிக்கே போக முடியாதவர்களுக்கு ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் பொருந்தும். ஈரோட்டில் கனரா வங்கி நடத்துவது போல மாவட்டந்தோறும் ஒரு வங்கி நடத்துகிறது. பயிற்சியும் சாப்பாடும் இலவசம். மலை ஊர்க்காரர்களுக்கு இதுவே முதல் வழியாக இருக்கலாம். தினமும் மலை இறங்கி ஏறச் சொல்வது நடக்காத காரியம்.

7. முதல் சம்பளம் வரும் வரை தாங்குவதற்கு ஏற்பாடு

இங்கேதான் அதிகம் பேர் விழுகிறார்கள். மாதச் சம்பளக் கம்பெனியில் 10ஆம் தேதி சேர்ந்தால் பணம் அடுத்த மாதம் 7ஆம் தேதி வாக்கில்தான் வரும். நாலு வாரம் வேலைக்கும் போய், கையில் காசும் இல்லை. அதற்கு முன்பு அங்கங்கே கிடைத்த காட்டு வேலைக் கூலியும் இப்போது இல்லை. இந்த இடைவெளியில்தான் வட்டிக்காரர் வீட்டு வாசலில் நிற்கிறார்.

முடிந்தால் மாதக் கடைசியில், 22 முதல் 25ஆம் தேதிக்குள் சேர்த்துவிடுங்கள். எந்தத் தேதி வரை கணக்கு எடுப்பார்கள் என்று கம்பெனியில் கேட்டுக்கொள்ளுங்கள். மாதம் முடியும் வரை எடுப்பதானால் ஐந்தாறு நாள் கூலி பத்துப் பதினைந்து நாளில் கணக்கில் விழும். தொகை சின்னதுதான், ஆனாலும் சொன்னபடி பணம் வருகிறது என்பதை அவர் கண்ணால் பார்த்துவிடுவார். வீட்டில் இருப்பவர்களின் பேச்சும் அன்றோடு மாறும்.

மீதி இடைவெளிக்குக் குழு ஒதுக்கிய தொகையிலிருந்து 2,000 அல்லது 3,000 ரூபாய் உள்கடனாகக் கொடுங்கள். திருப்பிக் கட்டுவது இரண்டாவது சம்பளத்திலிருந்து என்று எழுதுங்கள். முதல் சம்பளத்திலிருந்தே பிடித்தால் முதல் நாள் மகிழ்ச்சி அங்கேயே போய்விடும்.

கையில் எவ்வளவு வரும் என்பதையும் முன்பே சொல்லுங்கள். 10,000 ரூபாய் முழுவதும் பி.எப். கணக்கில் வந்தால் அதற்கு 12 சதவீதம், 1,200 பிடிப்பார்கள். இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 75 ரூபாய். மிச்சம் 8,725. சொல்லாமல் விட்டால் “பத்தாயிரம்னு சொல்லி ஏமாத்திட்டாங்க” என்ற பேச்சு ஊர் முழுக்கப் பரவும். பி.எப்.பில் கம்பெனியும் தன் பங்கு போடுகிறது, இ.எஸ்.ஐ.யில் குடும்பத்துக்கே மருத்துவம் கிடைக்கிறது என்பதையும் கூடவே விளக்குங்கள்.

8. முதல் நாள் கூடவே போங்கள்

முடிந்தவரை ஒரே ஊரிலிருந்து இரண்டு பேரையாவது சேர்த்து அனுப்புங்கள். தனியாகப் போகும் பெண் மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே ஊரை நினைத்து அழுதுவிடுவார்.

கேட்டில் விட்டுவிட்டுத் திரும்பாமல், கழிப்பறை எங்கே, தண்ணீர் எங்கே, வேன் எந்த இடத்தில் நிற்கும், யாரிடம் லீவு சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் காட்டிவிட்டு வாருங்கள். உள்ளே ஒரு மூத்த அக்காவைப் பிடித்து, “இவங்களக் கொஞ்சம் பாத்துக்கங்க அக்கா” என்று ஒப்படையுங்கள். அந்த ஒரு சொல், எந்தப் பயிற்சி வகுப்பையும் விட அதிகம் உதவும்.

9. முதல் இரண்டு மாதம்

முதல் வாரம் தினமும் ராத்திரி ஒரு போன். பிறகு வாரம் ஒருமுறை, சம்பள நாளன்று கட்டாயம். “எப்படி இருக்கு?” என்று கேட்டால் “நல்லாருக்குங்க” என்றுதான் பதில் வரும். “கால் வலிக்குதா? இன்னைக்கு யார் திட்டினாங்க? பையன் மத்தியானம் சாப்பிட்டானா?” என்று கேளுங்கள்.

நாள் முழுக்க நின்று பழகாத உடம்புக்கு முதல் பத்து நாள் கால் வீங்கும். மாதவிலக்கு நாட்களில் இன்னும் சிரமம். இது குறையும் என்று முன்பே சொல்லிவைத்தால் பயப்பட மாட்டார்கள். குறையாவிட்டால் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கு அழைத்துப்போங்கள்.

நோம்பிக்கு (ஊர்த் திருவிழாவுக்கு) லீவு என்பது நம் பக்கத்தில் தனிப் பிரச்சினை. மாரியம்மன் நோம்பி சாட்டினால் பூச்சாட்டிலிருந்து மஞ்சள் நீராட்டு வரை ஊரைவிட்டுப் போக மாட்டார்கள். சொல்லாமல் நின்றால் கம்பெனி பெயரை எடுத்துவிடும். ஊர் நோம்பித் தேதி தெரிந்தவுடன், எத்தனை நாள் என்று சூப்பர்வைசரிடம் முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். இரண்டு நாள் என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

தொந்தரவு, தவறான பேச்சு என்று ஏதாவது காதில் விழுந்தால் “அனுசரித்துப் போ” என்று சொல்லவே கூடாது. அன்றைக்கே உள்ளகக் குழுவிடம் எழுத்தில் கொடுக்கச் செய்யுங்கள். 181 பெண்கள் உதவி எண்ணை முதல் நாளே அவர் போனில் பதிந்து கொடுங்கள். அவர் வேலையை விட்டுவிட முடிவு செய்தால், அதற்கும் நீங்கள் துணை நிற்க வேண்டும்.

10. வேலை நின்றுபோனால்

ஆர்டர் குறைந்தால் கம்பெனி ஆட்களைக் குறைக்கும். தீபாவளி போனஸ் வாங்கியபின் ஆட்கள் கம்பெனி மாறுவதும் வழக்கம். இதை யாருடைய தோல்வியாகவும் எடுக்காமல் இரண்டு காரியத்தை உடனே செய்யுங்கள்.

நிறுத்திய காரணத்தை நோட்டில் எழுதுங்கள். தூரமா, பிள்ளையா, உடம்பா, ஆர்டரா என்பதைப் பொறுத்துத்தான் 3ஆம் படிக்குத் திரும்புவதா, நேராக 5ஆம் படிக்கா என்பது தெரியும். உதவித்தொகை நிறுத்தப்பட்டிருந்தால் பழைய ஆணை நகலோடு இ-சேவை மையத்தில் மறுபடி விண்ணப்பியுங்கள். இழுத்தடித்தால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுங்கள்.

அடுத்து, கடைசிச் சம்பளமும் பி.எப். எண்ணும் கைக்கு வந்ததா என்று பார்த்து, கம்பெனியிலிருந்து விலகிய தேதியைக் கணக்கில் பதியச் சொல்லுங்கள். அடுத்த கம்பெனியில் அதே பி.எப். எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். புதிதாக ஒன்று போட்டால் பழைய பணம் தனியாக மாட்டிக்கொள்ளும்.